மாமனார் துளைத்த படகு

எங்கள் ஐதராபாத் பாய்மரப் படகுச் சங்கத்தின் கொட்டகையை இப்போது பார்த்துக்கொள்கிற இளைஞர் கோயம்புத்தூர்க்காரர். வாரநாட்களில் கணினி வேலை, சனி ஞாயிறு பாய்மரப் படகு. போன மாதம் ஒரு பழைய படகைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு எனக்குத் தொலைபேசினார்.

"அங்கிள், உங்க காலத்து மரப் படகுல எல்லாம் அடியில ரெண்டு பித்தளை மூடி இருக்கே, அது எதுக்கு? வேற எந்த ஊர் படகுலயும் நான் பார்த்ததில்ல. வரைபடத்துலயும் இல்ல. எடுத்துட்டு அடைச்சிரட்டுமா?"

வேண்டாம் என்றேன். ஏன் என்றார். தொலைபேசியில் சொல்லி முடிகிற காரணம் இல்லை, எழுதித் தருகிறேன் என்றேன்.

எழுத உட்கார்ந்ததும் ஒரு சிக்கல். எனக்குத் தேதிப் பழக்கம் உண்டு. படகில் நான் பொருத்திய ஒவ்வொரு பலகையின் உட்புறத்திலும் பொருத்திய தேதியைப் பென்சிலால் எழுதியிருப்பேன். வீட்டுக் குக்கருக்கு வாஷர் மாற்றிய தேதியைக் கேட்டாலும் சொல்வேன். முதல் இரண்டு பக்கத்தில் வரிக்கு ஒரு தேதி இருந்தது. என் மகன் தமிழ் பேசுவான், படிக்கமாட்டான். ஆகவே நான் எழுதுவதற்கெல்லாம் முதல் வாசகி என் மனைவி கனகாதான். அவள் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு, "இது கட்டுரையா, பஞ்சாங்கமா?" என்று கேட்டு எல்லாத் தேதிகளையும் அடித்துவிட்டாள். கெஞ்சிக் கேட்டதில் கிழமைகளை மட்டும் விட்டுவைத்தாள். எனவே இதில் கிழமைகள் மட்டுமே இருக்கும். அவை ஒவ்வொன்றும் சரியானவை.

நான் படகுத் தச்சனானது ஒரு நாற்காலியால். செகந்திராபாத் ரயில்வே காலனியில் பிறந்தவன். தாத்தா காலத்தில் வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து ரயில் வேலைக்கு வந்த குடும்பம். எனக்கு ரயில்வே கிடைக்கவில்லை. பேகம்பேட்டில் ஒரு மேசை நாற்காலிக் கடையில் தச்சு வேலை கற்றுக்கொண்டேன். ஹுசேன்சாகர் ஏரிக்கரையில் இருந்த பாய்மரப் படகுச் சங்கத்தில் நாற்காலிகள் உடைந்து கிடக்கின்றன, போய்ப் பார்த்துவிட்டு வா என்று ஒரு திங்கட்கிழமை கடைக்காரர் என்னை அனுப்பினார். நாற்காலி முடிவதற்குள் கமாண்டர் என்னைப் பார்த்துவிட்டார். ஓய்வு பெறும்வரை அங்கிருந்து நான் திரும்பவில்லை. கடைக்காரர் அன்று என்னிடம் கொடுத்தனுப்பிய உளிப்பெட்டியைக் கேட்டுக்கொண்டே காலமானார்.

கமாண்டர் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்று, சங்கத்தின் படகுக் கொட்டகைக்குப் பொறுப்பேற்றவர். குடகுக்காரர், ஆனால் சென்னையில் படித்தவர். எங்களிடம் தமிழில்தான் பேசுவார். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருப்பது போன்ற தமிழ். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைக் கான்வாஸ் காலணி. பிசினும் மரத்தூளும் பறக்கும் கொட்டகையில் அந்த வெள்ளை எப்படி வெள்ளையாகவே இருந்தது என்பது கடைசிவரை எங்களுக்குப் புரியவில்லை. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வேலை பிடிக்காவிட்டால் "மறுபடியும்" என்பார். பிடித்தால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த இடத்துக்குப் போய்விடுவார். அவரிடம் பாராட்டு என்பது அவருடைய முதுகு.

தண்ணீரை அவர் "அவர்" என்றுதான் சொல்வார். "தேவராஜ், அவர் பொறுமைசாலி. நீங்கள் ஒரு தலைமுடி அளவு இடம் விட்டால் போதும். அவர் காத்திருந்து உள்ளே வருவார்."

அவரிடம் நீல விளிம்பு போட்ட ஒரு வெள்ளை எனாமல் மக் இருந்தது. கப்பலிலிருந்து கூடவே வந்தது. படகில் எந்த இணைப்பு முடிந்தாலும் கொட்டகை வாசலில் உள்ள குழாயில் அந்த மக்கை விளிம்புவரை நிரப்பி, சிந்தாமல் நடந்து வந்து, படகுக்குள் ஊற்றுவார். "அவர் என்ன சொல்கிறார் என்று பார்ப்போம்." தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே காணாமல் போகிறது என்று குனிந்து பார்ப்பார். பிறகு பஞ்சால் ஒற்றி எடுத்துவிடுவார். ஏரித் தண்ணீரை இதற்கு அவர் தொட்டதில்லை. ஹுசேன்சாகரைத் தெரிந்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தண்ணீர் பச்சை நிறம். அதில் விழுந்து எழுந்து வந்தவன் வீட்டுக்குப் போவதற்கு முன்பே அவன் விழுந்த செய்தி வீட்டுக்குப் போய்விடும்.

கொட்டகையில் எனக்கு மூத்தவர் குதூஸ் பாய். பழைய நகரத்துத் தச்சர். தமிழையும் ஐதராபாத் உருதான தக்கனியையும் கலந்து எனக்கென்றே ஒரு மொழி வைத்திருந்தார்.

அதுவரை சங்கம் படகுகளை வெளியூரிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தது. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கான சிறு படகுகளை நம் கொட்டகையிலேயே செய்யலாம் என்று கமாண்டர் செயற்குழுவிடம் வாதாடி, ஒரே ஒரு படகுக்கு அனுமதி வாங்கினார். அது தேறினால் மற்றவற்றையும் நாங்களே செய்வோம். தினக்கூலியாக இருந்த நான் நிரந்தரமாவேன். தேறாவிட்டால் நான் மறுபடி நாற்காலிக்குப் போகவேண்டியதுதான்.

இந்த வகைப் படகைத் தச்சன் செய்கிறான் என்பதைவிடத் தையல்காரன் செய்கிறான் என்பது பொருத்தம். முதலில் பிளைவுட்டில் முழு அளவுக்குக் கோடு போட்டு அறுக்கவேண்டும். அடிப்பலகை இரண்டு, பக்கப்பலகை இரண்டு. ஓரங்களை ஒட்டி வரிசையாகச் சிறு துளைகள். அவற்றில் செம்புக் கம்பியைக் கோத்து, வெளியே குறடால் முறுக்கவேண்டும். முறுக்க முறுக்க, தரையில் தட்டையாகக் கிடந்த பலகைகள் மெல்ல எழுந்து வளைந்து படகாகும். ஒரு பக்கம் மட்டும் அதிகமாக முறுக்கிவிட்டால், யாரோ கூப்பிட்டதுபோல் படகின் முனை அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும். அதைச் சரிசெய்ய எல்லாக் கம்பியையும் தளர்த்தி முதலிலிருந்து வரவேண்டும். நாங்கள் பலமுறை முதலிலிருந்து வந்தோம். கமாண்டர் முனையின் எதிரே நின்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். "யாரையோ பார்க்கிறது. மறுபடியும்."

வடிவம் வந்ததும் உட்புறத் தையலில் பிசினைக் குழைத்துப் பூசி, கண்ணாடி இழை நாடாவை அதன்மேல் படியவைக்கவேண்டும். இறுகியதும் கம்பிகளை நறுக்கிவிட்டு வெளியேயும் அப்படியே. நம் ஊர் வெயிலில் பிசின் கிண்ணத்திலேயே கல்லாகிவிடும். ஒருமுறை புகைந்துகூட இருக்கிறது. ஆகவே விடிந்ததும் பூசுவோம், வெயில் ஏறுமுன் நிறுத்திவிடுவோம்.

கடினமான வேலை காற்றுப்பெட்டி. படகின் இரண்டு பக்கமும் உட்காருவதற்காக நீளமாக ஒரு பெட்டி இருக்கும். அது இருக்கை மட்டுமில்லை. உள்ளே காற்று அடைத்த மூடிய அறை. படகு கவிழ்ந்து நடுவெல்லாம் தண்ணீர் நிறைந்தாலும் அந்த இரண்டு பெட்டிகள்தான் மூழ்காமல் தாங்கும். அதன் மேல்பலகையைப் பொருத்த, ஓரங்களில் நீலப் பொடியைத் தடவி, பலகையை வைத்து அழுத்தி, தூக்கிப் பார்ப்பேன். நீலம் ஒட்டிய இடம் மேடு. அதை மட்டும் இழைப்புளியால் ஒரு சீவல். மறுபடி வைத்து, மறுபடி தூக்கி. கடைசியில் ஓரம் முழுக்க ஒரே சீராக நீலம் ஒட்டியபோது கமாண்டர் பெட்டிக்குள் ஒரு பல்பை விட்டு எரியவைத்து, வெளியே ஒரு கீற்று ஒளிகூடக் கசியவில்லை என்று பார்த்தார். பிறகு முதுகைக் காட்டினார். அன்று ஒரு புதன்கிழமை.

இடது பெட்டியின் அடித்தையலை மட்டும் அவர் எங்களிடம் விடவில்லை. வெள்ளைச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு அவரே பூசினார்.

இந்த நேரத்தில்தான் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண் எங்கள் காலனியிலேயே. கனகா. தட்டச்சு வகுப்புக்குப் போகும் வழியில் ஏற்கெனவே பார்த்துக்கொண்டதுதான். அவளுக்குச் சம்மதம், என் வீட்டில் சம்மதம். சம்மதிக்க வேண்டியவர் அவள் அப்பா மாணிக்கம் மேஸ்திரி. ரயில் பெட்டித் தொழிற்சாலையில் தலைமைத் தச்சர். ரயில்வே அல்லாத வேலையை அவர் வேலை என்று ஒப்புக்கொள்வதில்லை, அதிலும் படகு.

"ஐதராபாத்துல கடல் எங்கப்பா கீது?" என்றுதான் என்னிடம் முதலில் கேட்டார்.

ஏரி இருக்கிறது என்றேன்.

"ஏரியில பஸ்ஸா வுடப் போறீங்க? சரி, ஒரு நாளு வந்து பாக்கறேன். தச்சு வேலைன்னா கண்ணுல பாத்தாத்தான் எனக்கு நம்பிக்க."

வியாழக்கிழமை மாலை, ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்தார். படகைச் சுற்றி வந்தார். ஓரங்களைக் கட்டை விரலால் தடவினார். மேல்பலகையின் பொருத்தத்தில் நகத்தை நுழைக்கப் பார்த்தார், நுழையவில்லை. அவர் முகம் இளகியதை குதூஸ் பாய்கூடப் பார்த்தார்.

"ஜோடிப்பு நல்லா கீது தம்பி. ஆனா இந்தப் பொட்டிக்கு வடிகால் எங்க?"

வடிகால் இல்லை, முழுக்க மூடியது என்றேன்.

"முழுக்க மூடிட்டா? அப்ப உள்ள போன தண்ணி?"

"உள்ள போகாது மாமா."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ரயில் பெட்டியில் மூடிய இடம் எதுவாக இருந்தாலும் அதன் தாழ்ந்த மூலையில் ஒரு துளை போட்டே தீரவேண்டும். போடாவிட்டால் மழைத் தண்ணீர் இறங்கித் தேங்கி மரம் உளுத்துவிடும் என்று விளக்கினார். வாழ்நாள் முழுக்க அவர் பார்த்த தண்ணீர் மேலேயிருந்து வருவது. கீழேயிருந்து வரும் தண்ணீர் அவருக்குப் பழக்கமில்லை. நான் அதைச் சொல்லியிருக்கலாம். பெண் கேட்டு நிற்கிற நிலையில் சொல்லவில்லை. "யோசிக்கறோம் மாமா" என்றேன்.

சனிக்கிழமை கடைசிப் பூச்சுக்குப் பெயின்ட் வாங்க ராணிகஞ்ச் போயிருந்தேன். மறுநாள் ஞாயிறு காலை படகுக்குச் சோதனை. பிற்பகல் திரும்பி வந்தபோது படகின் அடியில் தரையில் சின்னச் சின்ன மரச்சுருள்கள் கிடந்தன. படகு முட்டுக்கட்டைமேல் இருந்தது. குனிந்து பார்த்தேன். காற்றுப்பெட்டிக்கு ஒன்றாக இரண்டு துளைகள். பெட்டிகளின் மிகத் தாழ்ந்த மூலையில், அடிப்பலகையைத் துளைத்துக்கொண்டு, சுண்டுவிரல் போகிற அளவு. விளிம்புகளை உப்புத்தாளால் வழவழவென்று தேய்த்து வார்னிஷ்கூடப் பூசியிருந்தது. அவ்வளவு அழகான துளைகளை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

குதூஸ் பாய் தொழுகை முடிந்து வந்தார்.

"உன் மாமா வந்தாரு. அரை நாள் லீவாம். 'மாப்பிள்ளைக்கு ஒரு சின்ன ஒத்தாசை' னு சொன்னாரு. நான் சரின்னு தொழுகைக்குப் போயிட்டேன். ஏன், என்ன ஆச்சு?"

காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

"ஹவ், ஆமா. ரெண்டு மூக்கு ஓட்டை மாதிரி இருக்கு. நாளைக்கு ஏரியில மூச்சு விடும்."

நிலைமை இதுதான். மறுநாள் சோதனையில் படகை ஏரியில் இறக்கி, வாளிவாளியாகத் தண்ணீர் ஊற்றி நிரப்பி, மேலே ஆட்களை உட்காரவைப்பார்கள். காற்றுப்பெட்டிகள் தாங்கவேண்டும். துளை திறந்திருந்தால் செயற்குழு பார்த்துக்கொண்டிருக்கும்போதே படகு மூழ்கும். என் வேலை போகும். துளையை அடைத்துவிட்டால் மாமா வந்து பார்ப்பார். மாமா மட்டுமில்லை, தொழிற்சாலை நண்பர்களையும் கூட்டி வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அடைத்ததைப் பார்த்தால் பெண் போகும்.

"ஒண்ணு பண்ணு. படகும் வேணாம், கல்யாணமும் நக்கோ. வா, நாற்காலி செய்யலாம்," என்றார் குதூஸ் பாய்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு காலனிக்குப் போனேன். மேஸ்திரி வீட்டில் இல்லை. தட்டச்சு வகுப்பிலிருந்து திரும்பிய கனகா வாசல் கேட்டிலேயே நிறுத்தி என்ன என்று கேட்டாள். சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அப்பாகிட்ட ஓட்டை தப்புன்னு சொல்லாதீங்க. ஓட்டைக்கு மூடி இல்லியேன்னு சொல்லுங்க. மூடி இல்லாம ஒரு ஓட்டைய வுட்டுட்டு வந்துட்டோமேன்னு அவருக்குச் சோறு எறங்காது."

அப்படியே நடந்தது. மேஸ்திரி வந்ததும், "மாமா, துளைக்கு மூடி?" என்று மட்டும் கேட்டேன். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றார்.

"அடடா. மூடிய மறந்துட்டேன் பாரு. ஓடற வண்டிக்கு மூடி வேணாம், மெதக்கற வண்டிக்கு வேணுமில்ல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கட்டிலுக்கு அடியிலிருந்த பித்தளைத் துண்டுப் பெட்டியை இழுத்தார்.

ஞாயிறு காலையில் கொண்டுவந்தார். நடுவில் மரை வெட்டிய இரண்டு சிறு பித்தளைத் தகடுகள். அவற்றில் திருகுகிற மூடிகள். இடையில் எண்ணெயில் ஊறிய தோல் வளையம். துளையைச் சுற்றிப் பிசின் தடவித் தகட்டை நான் பொருத்தினேன், மூடியை அவர் திருகினார். மாமனாரும் மருமகனும் சேர்ந்து செய்த முதல் வேலை என்று குதூஸ் பாய் அறிவித்தார். மாமாவின் நண்பர்கள் மூன்று பேர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றுகொண்டிருந்தார்கள்.

அப்போது கமாண்டர் வந்தார். அவருக்கு எதையும் காட்டவேண்டியதில்லை. நேராகக் குனிந்து, இடது மூடியை விரலால் தொட்டார்.

"இது யாருடைய வேலை?"

"நம்ம வேலதான் சார்," என்றார் மேஸ்திரி.

"மூடிய அறைக்குத் துளையா?"

"உள்ள போன தண்ணி வெளிய வர வழி வேணும் இல்லீங்களா?"

"அவர் உள்ளே போகமாட்டார்."

"போவான் சார். எனக்கு அவனைத் தெரியும். அவன் போவாத எடம் கெடையாது."

இரண்டு பேரும் ஒரே ஆசாமியைப் பற்றித்தான் பேசினார்கள். ஒருவருக்கு அவர் மேலதிகாரி, இன்னொருவருக்குத் திருடன்.

நண்பர்களில் ஒருவர் நேரம் பார்த்துச் சொன்னார்: "இன்னா மேஸ்திரி, ஒலகத்துலயே படகுல ஓட்ட போட்ட மொத ஆளு நீதான்பா. பேப்பர்ல போடச் சொல்லலாமா?" மற்ற இருவரும் சிரித்தார்கள்.

மேஸ்திரியின் காது சிவந்துவிட்டது. கமாண்டர் படகை இன்னொரு முறை பார்த்தார், எல்லாரையும் பார்த்தார். கமாண்டருக்குக் கேட்காது என்று மேஸ்திரி நினைத்திருக்கவேண்டும். என்னை ஒரு பக்கமாக இழுத்து, தொழிற்சாலைப் பழக்கத்தில் கொஞ்சம் உரக்கவே சொன்னார்.

"தம்பி, சோதன முடிஞ்சதும் மூடியத் தொறக்கறேன். தண்ணி வந்துதுன்னா என் வேல நியாயம். ஒரு சொட்டுகூட வரலைன்னா, நீ ஒழுங்கா பண்ண பொருள நான் கெடுத்தவன். கெடுத்துட்டு எந்த மூஞ்சிய வெச்சுக்கினு உன் வாசல்ல வந்து சம்பந்தம் பேசுவேன்? பேச்ச அதோட வுட்டுடலாம்."

தண்ணீர் உள்ளே போனால் வேலை இல்லை. போகாவிட்டால் கல்யாணம் இல்லை. நான் நீலப் பொடி போட்டுப் பொருத்திய பெட்டி. அதற்குள் ஒரு சொட்டும் போகாது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். என் வாழ்க்கையிலேயே முதல்முறையாக நன்றாக வேலை செய்ததற்காக வருத்தப்பட்டேன்.

கமாண்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "குழுவினர் வர நேரம் இருக்கிறது. எல்லோரும் போய்த் தேநீர் அருந்திவிட்டு வாருங்கள்."

படகு இறக்குவதற்கு முன் யாரும் நகரக்கூடாது என்பது அவர் சட்டம். செயற்குழு வரும்போது கூட்டம் வேண்டாம் என்று நினைக்கிறார் போலும் என்று எண்ணிக்கொண்டேன். எல்லாரும் இரானி ஓட்டலுக்குப் போனோம். திரும்பி வந்தபோது கமாண்டர் படகின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மக் அவர் காலடியில் இருந்தது.

சோதனையில் விசேஷமாக ஒன்றும் நடக்கவில்லை. படகை இறக்கினோம். ஏரித் தண்ணீரை வாளியில் மொண்டு விளிம்புவரை நிரப்பினோம். நானும் குதூஸ் பாயும் அந்தப் பச்சைக் குழம்பில் இடுப்புவரை உட்கார்ந்தோம். கரையில் செயற்குழுவோடு நின்ற சங்கச் செயலாளர் மூக்கில் கைக்குட்டை வைத்திருந்தார். படகு துளிகூடச் சாயாமல், எருமை மாதிரி நிதானமாகக் கிடந்தது. கமாண்டர் கடிகாரத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார். மேலே இழுத்து வந்து தண்ணீரை இறைத்தோம்.

மேஸ்திரி முன்னால் வந்தார். முதலில் வலது மூடியைத் திருகினார். எடுத்தார். ஒன்றும் வரவில்லை. விரலை விட்டுப் பார்த்தார். விரல் காய்ந்தே வெளியே வந்தது. பின்னால் நண்பர் தொண்டையைச் செருமினார்.

இடது பக்கம் போனார். மெதுவாகத் திருகினார். மூடி கழன்றதும் தண்ணீர் கொட்டியது.

"இதில் பிடியுங்கள்," என்று கமாண்டர் மக்கை நீட்டினார். மேஸ்திரி பிடித்தார். மக் விளிம்புவரை நிறைந்தது, தண்ணீரும் நின்றது. மேஸ்திரி மக்கை முகத்தருகே கொண்டுபோனார். பிறகு கமாண்டரைப் பார்த்தார். கமாண்டர் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி ஒரு வேப்பமரத்தடியில் தண்ணீரை ஊற்றிவிட்டு வந்து, "வந்துட்டான் பாருங்க," என்றார், மிகவும் தணிந்த குரலில். நண்பர்கள் முன்னால் இன்னும் கொஞ்சம் மார்தட்டியிருக்கலாம். பெருந்தன்மை என்று நினைத்தேன்.

செயலாளர் கைக்குட்டையை எடுத்தார். "ஒழுகுகிறதா, கமாண்டர்?"

"ஒரு மக். அது நான் பூசிய தையல். தவறு என்னுடையது. படகு தேறிவிட்டது," என்றார் கமாண்டர்.

செயலாளர் தலையசைத்தார். நான் நிரந்தரமானேன்.

இப்போது என் பணிக்காலத்தின் மிகக் கடினமான பிரச்சினைக்கு வருகிறேன். அந்தக் கசிவு எங்கே? திங்கட்கிழமை இடது தையல் முழுக்கச் சோப்புத் தண்ணீர் பூசி, துளை வழியாகச் சைக்கிள் பம்பால் காற்றடித்தேன். குமிழி வரவில்லை. கமாண்டர் பார்த்துவிட்டு "மறுபடியும்" என்றார். செவ்வாய்க்கிழமை பெயின்டைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி காற்றடித்தேன். இல்லை. "மறுபடியும்." புதனும் அப்படியே. மேஸ்திரி தினமும் மாலை ஷிப்ட் முடிந்து வந்து, முட்டுக்கட்டைமேல் உட்கார்ந்து நான் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். கமாண்டர் அவருக்கு ஒரு டீ வரவழைப்பார். இருவரும் தண்ணீரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். குதூஸ் பாய் என் பக்கம் திரும்பும்போதெல்லாம் ஏனோ இருமினார்.

சனிக்கிழமை மேஸ்திரி எழுந்தார். "போதும்பா. தேச்சது போதும். ஐப்பசியில முகூர்த்தம் பாக்கச் சொல்றேன்."

கமாண்டரும் அன்றே வழக்கை மூடினார். "அவர் வந்த வழி தெரியவில்லை. போகும் வழி இருக்கிறது. இனி எல்லாப் படகுகளிலும் இந்த மூடி இருக்கட்டும்."

கசிவை நான் கண்டுபிடிக்கவில்லையே தவிர, அதன் தன்மையைப் பிறகு கண்டுபிடித்தேன். நுண்துளைகள் வழியாகத் திரவங்கள் செல்வதைப் பற்றி நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். முக்கியமான தடயம், மக்கில் விழுந்த தண்ணீர் பளிங்குபோல் தெளிவாக இருந்தது. நாற்றமும் இல்லை. அதாவது கசிந்த வழி, ஏரியின் பச்சையையே வடிகட்டிவிடும் அளவுக்கு மெல்லியது. அவ்வளவு மெல்லிய வழியைச் சைக்கிள் பம்பால் பிடிக்க முடியாது. இதை நான் பல ஆண்டுகள் பயிற்சிக்கு வந்தவர்களுக்குக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத கசிவுக்கும் வெளியே ஒரு வழி வை; அதற்குத்தான் அந்த மூடிகள் என்று முடிப்பேன்.

இதுவரை எழுதி, நேற்றுக் காலை ஹப்சிகுடா வீட்டுக் கூடத்தில் கனகாவிடம் கொடுத்தேன். போவன்பள்ளிச் சந்தையிலிருந்து வந்த வெண்டைக்காயை நறுக்கிக்கொண்டே படித்தாள். சிவப்புப் பேனாவைத் தொடவில்லை. கடைசிப் பக்கத்தில் நின்றாள்.

"தண்ணி தெளிவா இருந்துதுன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா. கசிவு அவ்ளோ மெல்லிசு."

"நாத்தமும் இல்ல."

"இல்ல."

"உசேன்சாகர் தண்ணி."

"ஆமா."

அவள் இரண்டு வெண்டைக்காய் நறுக்கினாள். "மக்கு எவ்ளோ நெறஞ்சுது?"

"விளிம்பு வரைக்கும். அதான் எழுதி..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். நீல விளிம்பு. வாசலில் குழாய். எங்கள் எல்லாரையும் தேநீருக்கு அனுப்பிவிட்டு, அந்தச் சிறு படகைக் கவிழ்த்து, மூடியைக் கழற்றி, வெள்ளைச் சட்டையோடு குனிந்து ஒரு மக் குழாய்த் தண்ணீர். அதுவும் இடது பெட்டியில். தான் பூசிய தையல் இருக்கும் பக்கத்தில்.

"உங்கப்பாவுக்குத் தெரியுமா?" என்றேன்.

"மோந்து பாத்தாரே. அன்னிக்கி வந்து கால் கழுவிக்கினே அம்மாகிட்ட சொன்னாரு, 'அந்த ஆபீசரு கீற எடத்துல புள்ள கெட்டுப்போவ மாட்டான்' னு."

"குதூஸ் பாய்?"

"கல்யாணத்தன்னிக்கு என்கிட்ட வந்து, 'அண்ணி, அந்த மக்குக்கும் ஒரு பிரியாணி பார்சல் குடுங்க' ன்னாரு. எனக்கு அப்பதான் முழுசா புரிஞ்சுது. உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும், பெரியவங்க மானத்துக்காகச் சொல்லாம இருக்கீங்கன்னு நெனச்சுக்கினேன்."

கமாண்டர் இன்று இல்லை. மேஸ்திரியும் இல்லை. அந்தக் கரையில் நின்றவர்களில் கசிவை நம்பியது செயலாளரும் நானும்தான். செயலாளராவது ஒரு காலைப்பொழுது மட்டும் நம்பினார்.

"அப்படின்னா உங்கப்பா அந்த வாரம் பூரா தினமும் வந்து உக்காந்தாரே, எதுக்கு?"

"மாப்பிள்ள சலிக்காம எவ்ளோ நாள் தேய்க்கறாருன்னு பாக்கத்தான்."

இல்லாத ஓட்டைக்காக ஒரு வாரம் நான் தேய்த்த தேய்ப்புக்கு யார் பொறுப்பு என்று கேட்டேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கலாம்.

கனகா காகிதங்களை ஒழுங்காக அடுக்கி என்னிடம் நீட்டினாள். "அந்தக் கூலிதான் இங்க உக்காந்து வெண்டக்கா நறுக்கிக்கினு கீது," என்றாள்.

கொட்டகைத் தம்பிக்கு: மூடிகள் இருக்கட்டும். தோல் வளையத்துக்கு மட்டும் எண்ணெய் போடுங்கள்.